காமகுரா: டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு நாள்

டோக்கியோ பயணத்தில் கோயில்களுக்கென ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், அதைக் காமகுராவுக்குக் கொடுங்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மினமோட்டோ யோரிடோமோ சாமுராய் ஆட்சியை நிறுவிய ஊர் இது. ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

முதலில் சூய்கா அட்டை வாங்கிப் பணம் போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கேட்டில் தொட்டால் போதும். கோயில் நுழைவுக்குச் சில்லறைக் காசும் வைத்திருங்கள்.

டோக்கியோ ஸ்டேஷனில் யோகோசுகா லைன் பிளாட்பாரம் தரைக்கடியில் நல்ல ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்க வேண்டும், பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். அங்கிருந்தே எதிர்த்திசையில் சிபா பக்கம் போகும் வண்டிகளும் கிளம்பும். பலகையில் ஜுஷி அல்லது குரிஹாமா என்று இருந்தால் ஏறுங்கள். ஷின்ஜுகுவிலிருந்து வருபவர்களுக்கு ஷோனான்-ஷின்ஜுகு லைன் உண்டு. அதில் ஒடவாரா வண்டி காமகுராவுக்குப் போகாது. தெரியாமல் ஏறிவிட்டால் ஓஃபுனாவில் இறங்கி மாறிக்கொள்ளலாம். மாடி வைத்த பெட்டிகளில் மட்டும் ஏறாதீர்கள், அவற்றுக்குத் தனிக் கட்டணம்.

இப்போது முக்கியமான விஷயம்: காமகுராவில் இறங்காமல், ஒரு ஸ்டேஷன் முன்னால் கிட்டா-காமகுராவில் இறங்குங்கள். வெளியே வந்த சில அடிகளிலேயே எங்காகுஜி. மங்கோலியப் படையெடுப்பில் மாண்டவர்களுக்காக, நம்மவர் பகைவர் என்று பிரிக்காமல், அன்று ஆட்சியை நடத்திய ஹோஜோ டோகிமுனே 1282இல் எழுப்பிய ஜென் கோயில். 1889இல் போட்ட ரயில் பாதை கோயில் வளாகத்தையே குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. முன்னால் குளம், பின்னால் படிக்கட்டு, நடுவில் தண்டவாளம். நீங்கள் வந்த வண்டியும் அந்த வழியாகத்தான் போகும். கேட் மூடி மணியடித்தால் அவசரப்படாமல் நில்லுங்கள். வண்டி கடந்ததும் சட்டென்று ஓர் அமைதி வரும். எனக்கு அந்த ஊரில் மிகப் பிடித்த நிமிடம் அது.

அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் கென்சோஜி என்ற இன்னொரு ஜென் கோயில், இன்னொரு கால் மணியில் ட்சுருகஓகா ஹச்சிமான் ஆலயம். பிறகு நேராகக் காமகுரா ஸ்டேஷன்.

அங்கே எனோடென் என்ற குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். அதற்குத் தனி கேட், சூய்கா செல்லும். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுவதுபோல ஓடும் வண்டி. மூன்றாவது ஸ்டேஷன் ஹசே. பத்து நிமிட நடையில் பெரிய புத்தர். 11.3 மீட்டர் உயர வெண்கலம், திறந்த வானத்தின் கீழ் அமர்ந்திருக்கிறார். சிலைக்குள்ளேயும் போகலாம், அடுக்கடுக்காக வார்த்து இணைத்த தடங்களை உள்சுவரில் பாருங்கள். பல கோயில்கள் நாலரை மணிக்கே மூடிவிடும் என்பதால் காலை ஒன்பதுக்குள் வந்து சேர்வது நல்லது.

திரும்பும்போது வந்த வழியே போகாமல், ஹசேயிலிருந்து அதே எனோடெனில் ஃபுஜிசாவா வரை போங்கள். அங்கிருந்து டோகாய்டோ லைனில் நேரே டோக்கியோ. எனோடெனில் இடது பக்கம் இடம் பிடியுங்கள். இனமுராகசாகி தாண்டியதும் அந்தப் பக்க ஜன்னலில் கடல் வந்துவிடும்.