பழைய மியாட்டாவுக்கு எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது அமெரிக்காவில் மியாட்டா என்று விற்ற, துணிக்கூரையைத் திறந்து மூடும் கார், கைக்கு வந்ததும் பலரும் முதலில் மாற்ற நினைப்பது எக்ஸாஸ்ட்டை, அதாவது கழிவு வாயுவை வெளியேற்றும் குழாய்களையும் சைலன்சரையும்தான். கடைகளில் இதற்குக் கிடைக்கும் வகைகளுக்குக் குறைவில்லை. எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக இந்த விளக்கம். கணக்குகளை 1.6 லிட்டர் அமெரிக்க மாடலை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினின் பவர் 116 குதிரைத்திறன். நல்ல கேட்-பேக் எக்ஸாஸ்ட் (எது என்று படி 1-ல் சொல்கிறேன்) போட்டால் பொதுவாக மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன்தான் கூடும். சத்தம் கூடினாலே வேகமும் கூடியது போலத் தோன்றும், அதை நம்ப வேண்டாம். இந்தக் காரில் எக்ஸாஸ்ட் மாற்றுவது சத்தத்துக்காகவும் எடைக் குறைப்புக்காகவும்தான். பவர் கொஞ்சம் வந்தால் அது கொசுறு.

படி 1: காரின் அடியில் என்ன இருக்கிறது?

இன்ஜினிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். முதலில் சிலிண்டர்களின் கழிவு வாயுவை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு. பிறகு கீழே இறங்கும் டவுன்பைப், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், ரெசனேட்டர் என்கிற சின்ன ஒலி குறைப்பான் உள்ள நடுக்குழாய், கடைசியில் பெரிய சைலன்சர். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மாற்றுவதைக் கேட்-பேக் என்பார்கள். கடைசிச் சைலன்சரை மட்டும் மாற்றினால் ஆக்சில்-பேக். முப்பது வயது தாண்டிய கார் என்பதால் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே எதையாவது மாற்றியிருக்கலாம். வெட்டி வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் புதுக்குழாயின் ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டு, பொருந்தாமல் போகலாம்.

படி 2: செலவுக்கு முன் கசிவைப் பாருங்கள்

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கூட ஒருவரை விட்டு மடித்த கந்தலால் பின்குழாயை இரண்டு மூன்று விநாடி அடைக்கச் சொல்லுங்கள். கையில் தடித்த கையுறை இருக்கட்டும். கார் திறந்த வெளியில் நிற்கட்டும், மூடிய கராஜில் இதைச் செய்யவே கூடாது. எங்கேயாவது 'உஸ்' என்று சத்தம் வந்தால் அங்கே ஓட்டை, அல்லது இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது.

கழிவு வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் தொல்லை அதிகம். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று காட்டும், கம்ப்யூட்டரும் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். வண்டி மந்தமாக இருக்கிறது என்று சொல்லிப் புதுச் சைலன்சர் தேடுபவர்களில் சிலருக்கு வேண்டியது ஒரு புதுக் கேஸ்கெட் மட்டும்தான்.

படி 3: சத்தத்தை உள்ளே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. யூடியூப் வீடியோக்களில் காருக்குப் பின்னால் போனை வைத்து இன்ஜினை உறுமவிட்டுக் காட்டுவார்கள். நீங்கள் ஓட்டப்போவது காருக்குள் உட்கார்ந்து. உள்ளே உங்களைப் படுத்தப்போவது ட்ரோன் என்கிற ஒரே சீரான ரீங்காரம்.

அது எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் கணக்குப் போடலாம். ஐந்து கியர் பெட்டி உள்ள 1.6 மியாட்டா, ஐந்தாவது கியரில் மணிக்கு 110 கிலோமீட்டர் போகும்போது இன்ஜின் ஏறத்தாழ 3,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) சுற்றும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நடக்கிறது. அப்படியானால் நொடிக்கு 117 துடிப்பு குழாய் வழியே வெளியேறுகிறது. இந்தத் தாழ்ந்த சுருதிக்குக் காரின் உட்புறமும் சேர்ந்து அதிர்ந்தால், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற கதைதான். நகருக்குள் இது தெரியாது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் தலை வலிக்கும். துணிக்கூரையை மூடினால் இன்னும் மோசமாகலாம்.

அதனால் வாங்குவதற்கு முன் அதே எக்ஸாஸ்ட் போட்ட இன்னொருவரின் காரில், நெடுஞ்சாலை வேகத்தில், கூரையைத் திறந்து ஒரு தடவையும் மூடி ஒரு தடவையும் போய்வாருங்கள். மியாட்டா கிளப்புகள் பல ஊர்களில் உண்டு. இந்தக் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பேச்சுக்கு ஆள் தேடுகிறவர்கள்தான், கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள்.

படி 4: சைலன்சர் வகை

உள்ளே அறை அறையாகத் தடுத்து வாயுவைத் திருப்பித் திருப்பி அனுப்புவது ஒரு வகை. இது அமைதியாக இருக்கும், எடை அதிகம். துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்திருப்பது இன்னொரு வகை. வாயு தடையில்லாமல் போகும், எடையும் குறைவு. ஆனால் நார் உயர்ந்த சுருதியை நன்றாக விழுங்குமே தவிர, மேலே சொன்ன தாழ்ந்த ரீங்காரத்தை அவ்வளவாகக் குறைக்காது. போகப்போக நார் எரிந்து தேய்ந்தால் சத்தமும் ஏறும்.

புதியவர்களுக்கு என் யோசனை: பின்னால் நேர்க்குழாய்ச் சைலன்சர் போடுங்கள், நடுவில் ரெசனேட்டரை எடுக்காதீர்கள். ரெசனேட்டரையும் எடுத்துவிட்டால் நான்கு சிலிண்டர் இன்ஜின் தகர டப்பா மாதிரிக் கரகரக்கும். அப்படியும் ட்ரோன் வந்தால் குழாயில் ஒரு பக்கக் கிளை வெல்டிங் செய்து அதன் மறுமுனையை அடைத்துவிடுகிற வழி இருக்கிறது. ஒலி அலை அதற்குள் போய்த் திரும்பி வரும்போது அரைச் சுற்றுப் பின்தங்கியிருப்பதால் மூல அலையை அடித்துவிடும். 117 துடிப்புக்கு அந்தக் கிளை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் வரும். நீளத்தைக் கணக்காக வைக்க அனுபவமுள்ள ஆள் தேவை.

படி 5: குழாயின் விட்டம்

'இன்ஜினுக்குப் பின்னழுத்தம், அதாவது வெளியேறும் வாயுவுக்கு எதிர்த்தடை, வேண்டும்' என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். எந்த இன்ஜினுக்கும் அது வேண்டாம். வேண்டியது வாயுவின் வேகம். வேகமாகப் போகும் வாயு தனக்குப் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்கி அடுத்த சிலிண்டரின் கழிவையும் வெளியே இழுக்கும். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகலாம். டர்போ இல்லாத மியாட்டாவுக்கு 2¼ அங்குலம் போதும். பின்னாளில் டர்போ போடுவது உறுதி என்றால் மட்டும் 2½ அல்லது அதற்கு மேல். வளைவுகள் மாண்ட்ரல் முறையில், அதாவது உள்ளே தாங்கி வைத்துக் குழாய் நசுங்காமல், வளைத்தவையா என்று கேளுங்கள். சாதாரணமாக நசுக்கி வளைத்தால் வளைவில் விட்டம் சுருங்கிவிடும்.

படி 6: எந்த உலோகம்?

அலுமினியப் பூச்சுள்ள இரும்பு மலிவு. சாலையில் உப்பு தூவும் ஊர்களில் சீக்கிரம் அரிக்கும். ஸ்டெயின்லெஸில் 409 ரகம் மேலே துரு நிறம் காட்டும், ஆனால் நாள்பட உழைக்கும். 304 பளபளப்பாகவே இருக்கும், விலையும் அதிகம். விளம்பரத்தில் 304 என்று போட்டிருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், 409-ல் நன்றாக ஒட்டும், 304-ல் ஏறக்குறைய ஒட்டாது.

படி 7: ஹெடரும் சட்டமும்

மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் ஹெடர் என்கிற குழாய்த் தொகுப்பை இப்போதைக்கு விடுங்கள். 1.6 மியாட்டாவில் தொழிற்சாலையிலிருந்தே வார்ப்பிரும்புக்குப் பதிலாகக் குழாய் வடிவ ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்டுதான் வந்தது. அதை எடுத்துவிட்டு விலையுயர்ந்த ஹெடர் போட்டாலும் லாபம் குறைவு, அதைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட் (தலையில்லாத திருகு) முறிந்தால் வேலை இரட்டிப்பு.

கன்வர்ட்டரைக் கழற்றி நேர்க்குழாய் போடுவது அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் ஹெடருக்கும் அம்மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும், புகைப் பரிசோதனையில் அதைப் பார்ப்பார்கள். அங்கே இத்தகைய கார்களுக்குச் சத்த வரம்பு 95 டெசிபல். ரேஸ் டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதன் வரம்பையும் விசாரியுங்கள். கலிஃபோர்னியாவின் லகுனா செகா டிராக்கில் பல நாட்களில் அது 90 அல்லது 92 டெசிபல்தான்.

படி 8: பொருத்துதல்

முந்தின நாள் இரவே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். மறுநாள் காரை ஜாக்கியில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போங்கள், வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது. குழாயைத் தொங்கவிடும் ரப்பர் மாட்டிகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். கேஸ்கெட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டிவிட்டு, குழாய் எங்கும் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். இடைவெளி தாராளமாக இருக்கட்டும். இரண்டு மீட்டர் 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் நீளும். குளிர்ந்திருக்கும்போது மயிரிழையில் தப்பிய குழாய் ஓடும்போது கடகடக்கும்.

முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும் எண்ணெய் நாற்றமும் வந்தால் பயப்பட வேண்டாம், கைபட்ட எண்ணெய் எரிகிறது. நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, அப்புறம் ஒரு வாரம் கழித்தும், நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாமல் கராஜ் மூலையில் வையுங்கள். காரை விற்கும்போது சிலர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.