மஞ்சள் விழுந்தால் நிற்பதா, போவதா?

சிக்னல் கேமரா பொதுவாக மஞ்சளைக் கண்டுகொள்வதில்லை. சிவப்பு விழுந்த பிறகு வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டினால்தான், சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருளோ ரேடாரோ கேமராவை உசுப்பும். வழக்கமாக இரண்டு படம் எடுக்கும். முதல் படத்தில் கோட்டருகே வண்டியும் எரியும் சிவப்பும் இருக்கும். அடுத்ததில் அதே வண்டி சந்திப்பின் நடுவே நிற்கும். ஆகவே மாட்டுவதும் தப்புவதும் சில விநாடிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 17 மீட்டர். மஞ்சளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். பிறகு பதற்றமில்லாமல் அழுத்தி நிற்க 46 மீட்டர் வேண்டும். மொத்தம் 63. மஞ்சள் 3 விநாடிதான் எரியும் என்றால், அதற்குள் 50 மீட்டர்தான் போக முடியும். 55 மீட்டர் தூரத்தில் மஞ்சளைப் பார்ப்பவருக்கு நிதானமாக நிற்கவும் வழியில்லை, சிவப்பு விழுமுன் கோட்டைத் தொடவும் வழியில்லை. வேகச் சாலைகளில் மஞ்சளை நீட்டி வைப்பதே முறை; ஆனால் அதை நம்பி வண்டி ஓட்டாதீர்கள்.

மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் நிற்கத் தேவையான தூரமும் மஞ்சளுக்குள் போகும் தூரமும் 36 மீட்டரில் ஒன்றாகிவிடும். அதனால் தூரத்திலிருந்தே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை நம்பாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து 40-க்கு இறங்குங்கள். கோட்டுக்கு எட்டுக் கார் நீளம் முன்னால் ஒரு கம்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டுமுன் மஞ்சள் விழுந்தால் நில்லுங்கள். தாண்டிய பிறகு விழுந்தால் அதே வேகத்தில் போய்விடுங்கள். பாதியில் மனம் மாறுவதுதான் ஆபத்து. மழையில் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

பின்னால் வருபவரையும் கணக்கில் வையுங்கள். அமெரிக்காவில் 2005-இல் வெளியான அரசு ஆய்வொன்றில், கேமரா வைத்த இடங்களில் பக்கவாட்டு மோதல் சுமார் 25 சதவீதம் குறைந்தது. பின்னாலிருந்து இடிப்பதோ 15 சதவீதம் கூடியது. கேமராவைக் கண்டதும் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் வருபவர் என்ன செய்வார்? சந்திப்பை நெருங்கும்போதே கண்ணாடியைப் பாருங்கள். யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டுப் பின்விளக்கைக் காட்டுங்கள்.

இரு சக்கர வண்டிக்காரர்கள் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாகப் பிடிக்க வேண்டும். நனைந்த நிறுத்தக் கோட்டின் பெயின்ட்மேல் முன்சக்கரம் ஏறும் நேரத்தில் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். கோட்டுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிடுங்கள்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் சிக்னலே தெரியாது; விளக்கு கண்ணில் படும்வரை பின்தங்குங்கள். சந்திப்புக்கு அந்தப் பக்கம் வண்டிகள் தேங்கி நின்றால் பச்சையிலும் உள்ளே நுழையாதீர்கள்.

முன்சக்கரம் கோட்டைத் தாண்டி நின்றுவிட்டால் அப்படியே இருங்கள். முதல் படம் விழுந்திருந்தாலும், இரண்டாவது படம் நீங்கள் சந்திப்புக்குள் போகவில்லை என்று காட்டும். கோடு தாண்டியதற்குத் தனி அபராதம் உள்ள இடங்களும் உண்டு. அதற்காக ரிவர்ஸ் எடுக்காதீர்கள். பின்னால் ஒரு பைக் வந்து நின்றிருக்கும்.