நெஞ்சில் சோறு அடைக்குதா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நெல்லைக்காரர்களுக்கு

வாடகை வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒருவழியாக முடிந்ததா? சரி, அடுத்தது ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு. விசாவோடு சுகாதாரக் கட்டணமும் பெரும்பாலோர் கட்டித்தானே வந்திருப்பீர்கள். பதிவுக்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசம்.

ஊர்ப் பையன்களிடம் நான் தவறாமல் கேட்பது, "சாப்பாடு நெஞ்சில் அடைக்குதா?" என்பதுதான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் தெரியும், வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பது. கறித்துண்டை ஒதுக்குவார்கள், எல்லோரும் கை கழுவிய பிறகும் மென்றுகொண்டிருப்பார்கள், மாத்திரை விழுங்கப் பயப்படுவார்கள். ஊரில் இது கண்ணில் படாது. இட்லி, சொதி விட்ட சோறு, சால்னாவில் ஊறிய புரோட்டா எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இங்கே காய்ந்த ரொட்டியையும் வறண்ட கோழிக்கறியையும் அரைமணி இடைவேளையில் விழுங்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். பழி குளிர்மேல் விழும்.

காரணம் ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் ஆக இருக்கலாம். ஈசினோஃபில் எனப்படும் ஒவ்வாமை வகை வெள்ளணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிந்து வீக்கம் உண்டாக்கும் நோய் இது. தனி நோயாக அடையாளம் காணப்பட்டதே 1990களில்தான். ஆண்களிடம் அதிகம். ஆஸ்துமா, தூசித் தும்மல், கரப்பான் எனும் தோல்நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் குழாய் சுருங்கிப்போகும்.

ஜிபியிடம் வெறுமனே "கேஸ்" என்று சொன்னால் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். திட உணவு அடைக்கிறது, எத்தனை மாதமாக, எதைச் சாப்பிட்டால், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். விழுங்கச் சிரமம் என்றால் இங்கே எந்த வயதினருக்கும் அவசர எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு, பரிந்துரைப்பதுதான் முறை. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதால் அந்த அவசரம், பயந்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்த, அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரைப் பட்டைகளை என்ன செய்ய? இந்த மாத்திரையே பலருக்கு வீக்கத்தை ஆற்றிவிடும், அப்போது சோதனையில் நோய் ஒளிந்துகொள்ளும். சோதனைக்கு மூன்று வாரமாவது முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. எண்டோஸ்கோப்பியில் குழாய் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் நோய் இருக்கலாம். அதனால் வெவ்வேறு உயரங்களிலிருந்து குறைந்தது 6 துணுக்குச் சதை எடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் ஒரு பெரிதாக்கிய பார்வைப் புலத்தில் 15 ஈசினோஃபில் அணுக்களாவது தெரிந்தால், அறிகுறிகளோடு சேர்த்து நோயை உறுதி செய்வார்கள். மயக்க ஊசி போட்டுக்கொண்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். அறைத்தோழரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடைத்தது இறங்காமல், எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மீன்முள் குத்தினால் ஆச்சி கொடுக்கும் வெறுஞ்சோற்று உருண்டையை இங்கே முயன்று பார்க்க வேண்டாம். அடைப்பின்மேல் அடைப்பு சேரும், அவ்வளவுதான்.

சிகிச்சை மூன்று வழி: அமிலம் குறைக்கும் அதே மாத்திரை, நாக்கில் கரையும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு மாத்திரை, இல்லையென்றால் ஒவ்வாத உணவை நிறுத்தும் உணவு விலக்கு. குழாய் சுருங்கியிருந்தால் விரித்துவிடுவார்கள். விலக்கில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் பால். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை எந்த உணவு காரணம் என்பதைச் சரியாகக் காட்டாது. தயிரும் மோரும் போனாலும், தேங்காய்ப்பாலில் செய்த சொதிக்குத் தடையில்லை, நெய் சேர்க்காத வரை. கோதுமையையும் நிறுத்தினால் அல்வா இரண்டு பக்கமும் அடிவாங்கும், பாவம். எதையும் உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்படியும் பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டால், சதை எடுத்தார்களா, எத்தனை துணுக்கு என்று கேட்டு பயாப்சி (சதைச் சோதனை) ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். "நார்மல்" என்று எழுதிய படத்தை மட்டும் கொண்டுவந்தால் இங்கே மறுபடியும் குழாய் விட வேண்டிவரும்.