மூளை அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன்: கை நடுங்கும் தூண்டில்காரருக்கு ஒரு வழிகாட்டி

கை நடுங்கத் தொடங்கிய தூண்டில்காரர் முதலில் கவனிக்க வேண்டியது, நடுக்கம் எந்த நொடியில் வருகிறது என்பதைத்தான். தங்கூசி நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் நுழைக்கும்போது, நுனி காதை நெருங்க நெருங்க நடுக்கம் கூடினால், அது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர் என்று நரம்பியல் மருத்துவர்கள் சொல்லும் வகையாக இருக்கும். மாறாக, தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கையில் மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கி, ரீலைச் சுற்றத் தொடங்கியதும் அடங்கிவிட்டால், பார்கின்சன் நோயைச் சந்தேகிக்க இடமிருக்கிறது. இரண்டுக்கும் மூளை அறுவை உண்டு. ஆனால் மின்முனையைப் பொருத்தும் இடமும், கிடைக்கும் பலனும், இழக்கக்கூடியதும் வேறு வேறு. எனவே இரண்டு நிலைகளையும் செல்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவைக்கு முன் கடக்க வேண்டிய படிகள் உண்டு. தைராய்டு மிகைச் சுரப்பு, ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவையும் கையை நடுங்க வைக்கும். முதலில் அவை காரணமில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். எசென்ஷியல் ட்ரெமருக்கு முதலில் தரப்படுபவை புரோப்ரனலால், பிரிமிடோன் ஆகிய மாத்திரைகள். முன்னது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, பின்னது தொடக்கத்தில் தூக்கக் கலக்கம் தரும். இவற்றைப் போதிய அளவில் எடுத்துக்கொண்டும் முடிச்சுப் போட முடியவில்லை, தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை என்ற நிலையில்தான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். "மீன் பிடிப்பதற்காகவா மண்டையில் துளை போடுவது?" என்று வீட்டார் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாழ்க்கையின் பெரும்பகுதியை ஆற்றங்கரையில் கழித்தவருக்கு அதை இழப்பது பெரிய இழப்பு. மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொன்னால்தான் பலனையும் ஆபத்தையும் அவரால் சரியாக எடைபோட முடியும்.

இன்று பரவலாகச் செய்யப்படுவது ஆழ்மூளைத் தூண்டல், அதாவது மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தி நடுக்கத்தை அடக்குவது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித் 1987இல் நடுக்கத்துக்காகத் தொடங்கிவைத்த முறை இது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள மின்கம்பியை உள்ளே செலுத்துகிறார்கள். எசென்ஷியல் ட்ரெமருக்குப் பெரும்பாலும் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் பகுதியிலும், பார்கின்சனுக்குப் பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள சிறு நரம்பணுத் தொகுதியிலும் அதன் முனை அமரும். அங்கிருந்து ஒரு கம்பி காதின் பின்புறமாகத் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைக்கப்படும் மின்கலப் பெட்டியுடன் இணைகிறது. பல மருத்துவமனைகளில் நோயாளியை விழித்த நிலையில் வைத்து, நடுக்கம் அடங்குகிறதா என்று சோதித்தபடியே இதைச் செய்கிறார்கள். 2017இல் பெங்களூரில், விரல் இழுத்துக்கொள்ளும் கோளாறுக்கான மூளை அறுவையின்போது ஒரு கிதார் கலைஞர் மேசையில் படுத்தபடியே கிதார் வாசித்தார். காகிதத்தில் சுருள் வரைவதோடு, பெரிய காதுள்ள, கூர் மழுக்கிய முள்ளில் நரம்பு கோப்பதையும் சோதனையில் சேர்க்க முடியுமா என்று நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

மூளையின் இடப்பக்கம் வலக்கையை ஆள்கிறது. தலாமஸின் இரு பக்கமும் தூண்டினால் பேச்சுக் குழறலும் நடைத் தடுமாற்றமும் வரும் வாய்ப்பு கூடுவதால், எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர் பழகிய கைக்கு மட்டும் முதலில் செய்துகொள்வதே நல்லது என்பேன். முள்ளை மேசைப் பிடிப்பானில் இறுக்கிவிட்டால், நடுங்காத ஒரு கையைக் கொண்டே பெரும்பாலான முடிச்சுகளைப் போட்டுவிடலாம். வழுக்குப் பாறையில் நிலை தடுமாறினால் எந்தப் பிடிப்பானும் உதவாது. பார்கின்சன் உள்ளவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரைக்குச் சரியாகாத நிலைத் தடுமாற்றம், அறுவைக்கும் பொதுவாகச் சரியாவதில்லை.

தண்ணீரோரம் வாழ்பவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பார்கின்சனுக்காக ஆழ்மூளைத் தூண்டல் பெற்ற, முன்பு நன்றாக நீந்தத் தெரிந்திருந்த ஒன்பது பேர் நீந்தும் திறனை இழந்ததைச் சூரிச் மருத்துவர்கள் 2019இல் பதிவு செய்தார்கள். நடையும் கைகால் அசைவும் தேறியிருந்தன. நீச்சல் மட்டும் போயிருந்தது. அவர்களில் ஒருவர் ஏரியில் குதித்து, வீட்டார் காப்பாற்றியதால் உயிர் பிழைத்தார். கருவியை நிறுத்திப் பார்த்த மூவருக்கு நீச்சல் உடனே திரும்பியது. எத்தனை ஆண்டு நீச்சல் பழக்கம் இருந்தாலும், அறுவைக்குப் பின் உயிர்காப்பு உடையில்லாமல் படகேறக் கூடாது. இடுப்பளவு நீரில்கூடத் தனியாக இறங்கக் கூடாது.

மின்கலப் பெட்டியை எந்தத் தோளுக்குக் கீழே வைப்பது என்பதை அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். தூண்டிலை வலக்கையால் வீசுபவர் இடப்பக்கம் வைக்கக் கேட்கலாம். உயிர்காப்பு உடையின் பட்டை எங்கே அழுத்தும் என்பதையும் போட்டுக் காட்டுங்கள். வீசி வீசித் தோள் வலிக்கிறதென்று பிசியோதெரபி நிலையத்துக்குப் போனால், டயாதெர்மி எனும் வெப்பச் சிகிச்சையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். கம்பி வழியே வெப்பம் ஏறி மூளைத் திசுவைச் சிதைத்துவிடும்.

உடலுக்குள் கருவி வேண்டாம் என்பவருக்கு, எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் ஒலியலைகளைக் குவித்துத் தலாமஸில் ஒரு புள்ளியைச் சுடும் முறை உண்டு. எசென்ஷியல் ட்ரெமருக்காக 2016இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. மண்டையைத் துளைப்பதில்லை, மின்கலம் மாற்றும் செலவும் இல்லை. ஆனால் சுட்டது சுட்டதுதான். மரத்துப்போதலோ தடுமாற்றமோ நிலைத்துவிட்டால், தூண்டலைப் போல அளவைக் குறைத்துப் பார்க்க வழியில்லை. தூண்டலிலோ மூளைக்குள் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று ஆகிய ஆபத்துகள் உண்டு. அவை உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கின்றன என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள்.

தூண்டலுக்கே முடிவெடுத்தால், அறுவை முடிந்த சில நாட்களிலேயே, கருவியை இயக்கும் முன்பே, நடுக்கம் குறைந்ததுபோலத் தோன்றலாம். மின்முனை இறங்கியதால் உண்டான வீக்கத்தின் தற்காலிக விளைவு அது. வீக்கம் வடிந்ததும் நடுக்கம் திரும்பினால் அறுவை தோற்றுவிட்டது என்று மனம் உடையாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள், சரியான அளவைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகலாம். ஒவ்வொரு முறை அளவு மாற்றப் போகும்போதும் ஒரு முள்ளையும் ஒரு முழம் நரம்பையும் கையோடு கொண்டுபோங்கள்.