கேமராப் பெட்டித் தடுப்பை வெட்டும் முன்

கேமராப் பெட்டியோடு வரும் மெத்துத் தடுப்புகள் யாருடைய லென்ஸுக்கும் அளவெடுத்துச் செய்தவை அல்ல. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸை வைத்தால் பக்கத்தில் இரண்டு விரல் இடம் சும்மா கிடக்கும், ஃப்ளாஷை வைத்தால் மூடி மூடாது. வெட்டித் தைத்து நமக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம், பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு அட்டையை எடுங்கள்.

காலிப் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்குங்கள். லென்ஸ்களுக்கு மூடி போட்டு, ஹூடை (முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) திருப்பி மாட்டி, தினமும் எப்படி எடுத்துப்போவீர்களோ அப்படியே. பெட்டியை நிமிர்த்தித் தூக்கினால் எந்தப் பக்கம் கீழே வருகிறது என்று பார்த்து, கனமானதை அங்கே வையுங்கள். இப்போது தடுப்பு வர வேண்டிய இடத்திலெல்லாம் அட்டைத் துண்டுகளை டேப்பால் நிறுத்தி, மூடியை மூடி, ஓரிரு நாள் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள். எப்படியும் ஒரு முறையாவது இடம் மாற்றுவீர்கள். அட்டை போனால் போகட்டும்.

லென்ஸ் மாட்டிய கேமராவைக் கவிழ்த்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கேமராவின் இரு தோள்களும் தடுப்புகளின் மேல் உட்கார வேண்டும், லென்ஸின் முனை தரையைத் தொடாமல் ஒரு விரல் அளவாவது தொங்க வேண்டும். தடுப்பின் உயரத்தை அதிகமாகக் குறைத்துவிட்டால் லென்ஸ் தரையில் ஊன்றும், பெட்டி குலுங்கும்போதெல்லாம் அந்த அடி லென்ஸும் கேமராவும் பூட்டும் மவுன்ட்டில் போய் விழும்.

சரி, வெட்டலாம். நான் முதல் முறை துணியையும் ஃபோமையும் சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்தேன். வெட்டு கோணலாகி, ஒரு முனை கொஞ்சம் குட்டையாகி, அந்தத் தடுப்பு கடைசிவரை சாய்ந்தேதான் நின்றது. அப்படிச் செய்யாதீர்கள். ஒரு முனையின் தையலை மட்டும் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோமை உருவி எடுங்கள். சிலவற்றில் விறைப்புக்காக மெல்லிய பிளாஸ்டிக் தகடும் இருக்கும், அதையும் அதே அளவுக்கு வெட்ட வேண்டும். இடைவெளியைவிட 3 மி.மீ. கூடுதலாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஃபோம் அமுங்கி இறுக்கமாக நிற்கும். புதிய பிளேடு போட்ட கட்டரால், அழுத்தாமல், நான்கைந்து முறை மெதுவாக இழுத்தால் ஓரம் நேராக வரும்; அழுத்தினால் ஃபோம் நசுங்கி உள்வாங்கும்.

துணியை வெட்ட வேண்டாம், மிச்சத்தை உள்ளே மடித்துவிடுங்கள். பிறகு இன்னும் பெரிய லென்ஸ் வாங்கினால் (வாங்குவீர்கள்) திரும்ப நீட்டிக்கொள்ளலாம். முனையில் உள்ள வெல்க்ரோவைச் சேர்த்துத் தைக்கும்போது ஊசி சிக்கிக்கொள்ளும், ஒரு குறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பாலியஸ்டர் நூல் நல்லது. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் லென்ஸையோ கேமராத் திரையையோ பார்த்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பு வளைய வேண்டுமா? வளையும் இடத்தில் ஃபோமை மட்டும் பாதிக்குமேல் ஆழமாகக் கீறினால் போதும், கீல் மாதிரி மடங்கும். லென்ஸின் டிரைபாட் காலர் (முக்காலியில் பொருத்தும் வளையம்) இடித்தால் அந்த அளவுக்கு ஃபோமில் ஒரு பள்ளம் செதுக்கிவிடலாம்.

புதிதாகவே ஒன்று செய்வதென்றால் தரையில் விரிக்கும் 8 முதல் 10 மி.மீ. கனமுள்ள ஈவிஏ (ரப்பர் மாதிரி இருக்கும் ஃபோம்) பாய் போதும். சோபாவில் வரும் ஸ்பாஞ்சு வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும், சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். மேலே போர்த்தும் துணியில் வெல்க்ரோ ஒட்டுகிறதா என்று ஒரு துண்டை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், எல்லாத் துணியும் கொக்கியைப் பிடிக்காது. பின்பக்கம் பசை தடவிய வெல்க்ரோ கைக்கு எளிதுதான், ஆனால் வெயிலில் நின்ற காருக்குள் அந்தப் பசை இளகி நழுவும். தைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ரப்பர் பசை பயன்படுத்தினால் இரு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். வாசனை முழுக்கப் போகும்வரை பெட்டி திறந்தே கிடக்கட்டும், லென்ஸை அதற்குள் வைக்க அவசரம் வேண்டாம்.

கடைசியாக எல்லாவற்றையும் வைத்து மூடி, பெட்டியை நான்கு பக்கமும் சாய்த்துக் காதை வைத்துக் கேளுங்கள். எங்காவது 'டொக்' என்றால் அங்கே ஒரு வெட்டுத் துண்டைச் செருகுங்கள். அதற்காகத்தான் ஒரு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.