விற்காமல் இழுக்கும் வீடு: தடை எங்கே என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி?

பலகை மாட்டியாகிவிட்டது, ஆட்களும் வந்து பார்க்கிறார்கள், ஆனால் "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று போனவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. இப்படி மாதக்கணக்கில் இழுத்தால் உடனே பெயின்ட் அடிக்கவோ விலையைக் குறைக்கவோ கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் பழைய தனி வீடுகள் பலவும் காகிதத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன என்பது என் உறுதியான கருத்து. வாங்க வருபவர் பெரும்பாலும் வங்கிக் கடன் போட்டுத்தான் வாங்குவார். வங்கி வக்கீல் ஒரு ஆவணம் குறைகிறது என்று சொல்லிவிட்டால், வீடு அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அத்தோடு முடிந்தது.

முதல் வேலை: வில்லங்கம் பாருங்கள்

பதிவுத்துறையின் இணையதளத்தில் உங்கள் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் போட்டால் வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியலை, இலவசமாகவே பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பாருங்கள், ஏனென்றால் வங்கிகள் வழக்கமாக அவ்வளவு கேட்கும். அதில் குறிப்பாக இரண்டைத் தேடுங்கள். ஒன்று, எப்போதோ கட்டி முடித்த வீட்டுக் கடன். கடனை அடைத்திருப்பீர்கள், ஆனால் அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அடமானம் இன்னும் அப்படியே நிற்கும். இரண்டு, முன்பு யாரோ அட்வான்ஸ் கொடுத்துப் போட்ட கிரய ஒப்பந்தம், அது ரத்தாகாமல் கிடக்கும். இரண்டுக்கும் தீர்வு உண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிய ஆவணத்தைப் பதிந்தால் போதும், ஆனால் எதிர்த் தரப்பும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்பா பெயரிலேயே இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவைப் பெயர் மாற்றி, எல்லா வாரிசுகளும் (கட்டிக்கொடுத்த அக்கா தங்கையும் சேர்த்துத்தான்) கிரயத்தில் கையெழுத்துப் போடத் தயாரா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குங்கள். பார்ட்டி வந்து உட்கார்ந்த பிறகு "அண்ணன் துபாயில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்" என்றால் வாங்க வந்தவர் அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்துவிடுவார். அப்புறம் தாய்ப் பத்திரம் (உங்களுக்கு முன் இருந்தவர்களின் பழைய பத்திரம்), கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். மனைக்கு அங்கீகாரம் இல்லை என்றால் அதையும் மறைக்காதீர்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் கிரயமான மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017ல் விதிகள் கொண்டுவந்தது, உங்கள் மனைக்கு அது பொருந்துமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது விலை

வாங்குபவர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 60 லட்சம் கேட்கிறீர்கள். அந்த அளவுக் கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தராது, அதாவது அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5 லட்சத்து 40 ஆயிரம். ஆக 17 லட்சத்துக்கு மேல் ரொக்கமாகச் சேர்த்து வைத்திருப்பவர்தான் உங்கள் வீட்டுக்கு வர முடியும். இதைவிட மோசம், வங்கியின் மதிப்பீட்டாளர் 52 லட்சம்தான் போடுகிறார் என்றால் கடனும் அந்தத் தொகையில் 80 சதவீதம்தான், பாக்கியும் வாங்குபவர் தலையில். அதனால் விலை சொல்லும் முன் நீங்களே ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துப் பாருங்கள், பக்கத்துச் சர்வே எண்களின் வில்லங்கத்தில் சமீபத்திய கிரயத் தொகைகளையும் பாருங்கள் (எழுதிய தொகைதான் கைமாறிய தொகை என்று நம்பிவிட வேண்டாம்), ஏரியாவில் இருக்கும் இரண்டு புரோக்கர்களிடமும் பேசுங்கள். பழைய வீட்டுக்கு மண்ணின் விலைதான் பெரிது. நீங்கள் ஆசையாகப் போட்ட தேக்குக் கதவுக்கும் மொசைக் தரைக்கும் யாரும் அவ்வளவு தர மாட்டார்கள், மனசு வலித்தாலும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டைத் தயார் செய்வது

பெரிய செலவு வேண்டாம். ஒழுகும் குழாய், மாடியில் ஈரக்கசிவு, எரியாத விளக்கு, சாத்தாத கதவு, இவை போதும். பூட்டியே கிடந்த வீடு என்றால் ஆட்கள் வருவதற்கு முந்தைய நாளே ஜன்னலைத் திறந்து வையுங்கள், மோட்டார் போட்டுத் தண்ணீர் வரவிட்டுக் காட்டுங்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் நம்மூரில் யாரும் வீடு வாங்குவதில்லை. வாஸ்து சரியில்லை என்று யாராவது சொன்னால் அதற்காகச் சுவரை இடிக்காதீர்கள், அடுத்து வருபவர் வேறொன்று சொல்வார்.

படங்களைக் காலை வெளிச்சத்தில் எடுங்கள். விளம்பரத்தில் மனையின் அளவு, எந்தத் திசை பார்த்த வாசல், தெருவின் அகலம், பட்டா யார் பெயரில் என்பதெல்லாம் இருக்கட்டும். தளங்களில் போடுவதோடு தெருக்காரர்களிடமும் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் மகனுக்காக வாங்குகிறவராக இருக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் பேச நிறையப் பேர் தயங்குவார்கள், அந்த மாதங்களைக் காகித வேலைக்கு வைத்துக்கொண்டு ஆவணியையும் தையையும் குறிவையுங்கள்.

ஆள் அமைந்துவிட்டால்

முன்பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார், அதை அவர் ஏமாற்றுவதாக நினைத்துச் சண்டை போடாதீர்கள், உங்கள் வரிக்கணக்கில்தான் சேரும். ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் கிரயம் முடிக்க வேண்டும், தவறினால் முன்பணம் என்ன ஆகும் என்று தெளிவாக எழுதுங்கள். கிரயம் பதிவாகி முழுத்தொகையும் கணக்கில் ஏறும்வரை அசல் பத்திரங்கள் உங்களிடமே இருக்கட்டும், வக்கீல் பார்வைக்கு நகல் போதும்.