பழ ஈயின் உறக்கத்தை அளப்பது எப்படி

5 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் சர்க்கரை கலந்த அகார் கூழை நிரப்பி, அது உலராதபடி மெழுகால் அடைத்து, ஈயை உள்ளே விட்டு, மறுமுனையைப் பஞ்சால் மூடுங்கள். குழாயின் நடுவே அகச்சிவப்புக் கதிரைப் பாயவிட்டு, ஈ அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையையும் கணினியில் பதியுங்கள். தொடர்ந்து 5 நிமிடம் அசையாதிருந்தால் அதை உறக்கமாகக் கொள்வது வழக்கம். ஆனால், கூழருகே நின்று உண்ணும் ஈயும் கதிரைக் கடக்காது என்பதால், காணொளியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை.

12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் எனச் சில நாள் பழக்கியபின் முழு இருளில் விடுங்கள். உடற்கடிகாரம் பழுதில்லாத ஈ ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியைத் தொடரும். அந்தக் கடிகாரத்தை இயக்கும் பீரியட் மரபணு செயலிழந்த ஈயோ ஒழுங்கின்றித் தூங்கும்.

அடுத்து, ஓர் இரவு முழுவதும் குழாயை அவ்வப்போது குலுக்கி, ஈயை விழித்திருக்கச் செய்யுங்கள். மறுநாள் காலையில் அது கூடுதலாகத் தூங்கினால், அது இழந்த உறக்கத்தின் ஈடு.

மூளை வேதியியலின் பங்கை அறிய, டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளை மீள உறிஞ்சும் புரதம் இல்லாத, ஃபுமின் எனப்படும் மரபணு திரிந்த ஈக்களை இயல்பான ஈக்களோடு ஒப்பிடுங்கள். விழிப்பூட்டும் டோபமின் நரம்பணுக்களிடையே தேங்குவதால், அவை மிகக் குறைவாகவே தூங்கும்.